படிக்காசும் நம் கவலையும்

(சேவூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் புதியதொன்றன்று. நம் இல்லங்களில் இரவு விளக்கணைத்த பின் நாள்தோறும் எழும் கேள்வியே அது. "இன்று உண்டோம், நாளை என் செய்வோம்?" என்பதே அக்கேள்வி. இதற்கு விடை கூறும் பேரறிவு எம்பால் உண்டென்று யாம் எண்ணவில்லை. நம் முன்னோர் வாழ்ந்து காட்டிய விடை ஒன்று உண்டு. அதனை நினைவூட்டுதலே எம் கருத்து. அவையோர் பொறுமையுடன் செவிசாய்ப்பார்களாக.

நெசவுத் தொழில் புரிவோர்க்கு இக்கேள்வி ஏனையோரினும் மிகுதியாக எழுதற்குக் காரணம் உண்டு. உழவன் தன் நிலத்தில் விளைந்ததை உண்ணலாம். நெசவாளன் நெய்ததை உண்ண இயலாது. நாம் நெய்யும் பட்டுச் சேலை பிறர் வீட்டு மணத்திற்குரியது. ஆடியிலும் மார்கழியிலும் மணங்கள் இல்லை. அப்பொழுது வாணிகம் தளரும். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவிலே பாவு நீட்டுதல் இயலாது. தறிக்குழியில் ஈரம் ஊறும். பட்டு நூலின் விலையும் ஜரிகையின் விலையும் நாம் கண்ணாற் காணாத ஊர்ச் சந்தைகளில் முடிவாகின்றன; ஆயினும் அவ்விலையே நம் அடுப்பை ஆள்கின்றது. கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கி 1985 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாறிருந்தும் விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறியின் பெயரால் கடையேறுவதைக் காண்கின்றோம். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. பெருமை நெஞ்சை நிறைக்கும். வயிற்றை நிறைக்குமோ என்று தாய்மார்கள் வினவினால் அவர்களைக் குறைகூற இயலுமா?

2020 ஆம் ஆண்டை நாம் ஒருவரும் மறந்திரோம். அவ்வாண்டு மார்ச் 25 ஆம் நாள் முதல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. சித்திரை வைகாசி மணங்கள் நின்றன. கடைகள் அடைக்கப்பட்டன. நெய்த சேலை பெட்டியில் இருந்தது. நெய்ய வேண்டிய பாவு தறியில் இருந்தது. இரண்டிற்கும் இடையே கூலி என்பது இல்லாமற் போயிற்று. தறியோசை நின்ற தெரு எத்தகையது என்பதை அன்றுதான் நம் பிள்ளைகள் அறிந்தனர். அந்நாளில் நம்மிற் பலர் மனத்துள் ஓர் அச்சம் புகுந்தது. நோய் தணிந்தது, ஊரடங்கு நீங்கியது, தறிகள் மீண்டும் ஓடின. அச்சம் மட்டும் இன்னும் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. அவ்வச்சத்தைப் பற்றியே இன்று பேசுகின்றோம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கருத்து வேறு, கவலை வேறு. நாளைக்கு வேண்டிய தாரை இன்றே சுற்றி வைப்பது கருத்து. நாளை நூல் கிடைக்காதோ என்று எண்ணி இன்று ஓட்டவேண்டிய நாடாவையும் ஓட்டாது கையைக் கட்டிக்கொண்டிருப்பது கவலை. கருத்து கைக்கு வேலை தரும். கவலை கையைக் கட்டும். கருத்துடையான் ஒரு முறை எண்ணி ஒன்றைச் செய்வான். கவலையுடையான் நூறு முறை எண்ணி ஒன்றும் செய்யான். இறைவனை நம்புக என்று பெரியோர் சொன்னது கவலையை விடுதற்கேயன்றிக் கருத்தை விடுதற்கன்று. இவ்வேறுபாட்டை அறியாதார் சிலர் நம்பிக்கையைச் சோம்பலென்று இகழ்கின்றனர். வேறு சிலர் சோம்பலையே நம்பிக்கையென்று கொண்டாடுகின்றனர். இருவரும் பிழைபட்டவரே.

இனி, நம்பிக்கை என்பது யாது என்பதைத் திருவீழிமிழலை வரலாற்றினின்றும் அறிவோம். 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் இது விரிவாகக் கூறப்பெறுகின்றது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் திருக்கூட்டத்தோடு சோழநாட்டுத் திருவீழிமிழலையில் தங்கியிருந்தனர். அந்நாளில் மழை பொய்த்தது, ஆறு சுருங்கியது, நாடெங்கும் பஞ்சம் பரவியது. உடன் வந்த அடியார் பசித்தனர். இறைவன் இருவர் கனவிலும் தோன்றி, உங்களைக் காலத்தின் கொடுமை தீண்டாதெனினும் உங்களைச் சார்ந்தாரின் வாட்டம் தீர நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவோம் என்று அருளினான். அவ்வாறே கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் நாவுக்கரசருக்கும் நாளொன்றுக்கு ஒரு பொற்காசு கிடைத்தது. நாட்படியாகத் தரப்பெற்றமையின் அதற்குப் படிக்காசு என்று பெயர். இருவரும் அக்காசைக் கொண்டு உணவுப் பொருள் வாங்குவித்துத் தத்தம் திருமடங்களில் பறையறைந்து அடியாரை அழைத்து அமுது செய்வித்தனர். பின்னர் மழை பெய்தது, பஞ்சம் நீங்கியது.

இவ்வரலாற்றை நாம் சிறுபருவம் முதற் கேட்டிருக்கின்றோம். ஆயினும் கேட்கத் தவறிய கேள்விகள் சில உள. எல்லாம் வல்ல இறைவன் பஞ்சம் தீருங்காறும் வேண்டிய பொருளை ஒரே நாளில் ஒரு குடம் நிறையத் தந்திருக்கலாகாதா? நாளுக்கு ஒரு காசாக அளந்து தருவானேன்? நாம் கருதுமாறு கூறுகின்றோம். ஒரு குடம் பொன் கிடைத்திருக்குமாயின், அதனைக் காக்கும் கவலை அன்றே தொடங்கியிருக்கும். எத்தனை நாளைக்கு இது வரும், யாருக்கு எவ்வளவு இடலாம், கள்வர் வருவரோ என்னும் எண்ணங்கள் மடத்துள் குடிபுகுந்திருக்கும். நாட்காசு வந்தமையின் அன்றைக் காசு அன்றே சோறாயிற்று. மறுநாட் காலை மீண்டும் பீடத்தை நோக்கிச் செல்லவேண்டியிருந்தது. அவ்வாறு செல்லுதல்தானே வழிபாடு! இறைவன் காசை மட்டும் தரவில்லை; நாள்தோறும் தன்னிடம் வரும் வழக்கத்தையும் தந்தான்.

இரண்டாவது, அக்காசு அவ்விருவர் பொருட்டுத் தரப்பட்டதன்று. உடன் வந்தாரின் பசிக்காகத் தரப்பட்டது. ஆதலின் நம்பிக்கை என்பது என் வீட்டு அடுப்பு மட்டும் எரிந்தாற் போதும் என்பதன்று. அடுத்த வீட்டு அடுப்பையும் சேர்த்து எண்ணும் நெஞ்சிற்கே படிக்காசு வரும்.

மூன்றாவதுதான் நம் தொழிலுக்கு மிக நெருங்கியது. நாவுக்கரசரின் மடத்தில் உணவு காலத்தே ஆயிற்று. சம்பந்தரின் மடத்தில் காலந்தாழ்ந்தது. காரணம் என்னையென்று அப்பெருமான் வினவினார். "தாங்கள் பெறும் காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர், நாவுக்கரசரின் காசை வாசியின்றி ஏற்கின்றனர்" என்று சமைப்போர் கூறினர். வாசி என்பது வட்டம், அதாவது பிடித்தம். சேலையிற் கறையென்றும் எடை குறைவென்றும் கூறிக் கூலியிற் பிடித்தம் செய்யும் வழக்கை நாம் நன்கறிவோம். பிடித்தத்தின் வருத்தம் நெசவாளனுக்கு விளக்கிக் கூறவேண்டுவதொன்றன்று! இறைவன் தந்த காசுக்கே கடைத்தெருவிற் பிடித்தம் உண்டாயிற்று என்றால், நாம் அதற்காக மனமுடைதல் தகுமா? நாவுக்கரசர் காசு குற்றமின்றி இருந்தமைக்குச் சம்பந்தப் பெருமான் கண்ட காரணம், அவர் உழவாரப்படை தாங்கிக் கைத்தொண்டு செய்பவர் என்பது. பின்னர்ச் சம்பந்தர் பதிகம் பாடி வேண்டத் தம் காசின் வாசியும் தீரப்பெற்றார். பால்மணம் மாறாப் பருவத்தே ஞானம் பெற்ற பிள்ளையார்க்கும் கிடையாத முதன்மை கையால் உழைத்த முதியவர்க்குக் கிடைத்தது. கைத்தொழிலாளராகிய நாம் இதனை நெஞ்சில் எழுதிவைத்தல் வேண்டும். நம்பியிருத்தல் என்பது உழைத்துக்கொண்டே நம்பியிருத்தலாம்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். நம் ஊருக்குத் தெற்கே அண்ணாமலை இருக்கின்றது. 1896 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், மதுரையினின்றும் புறப்பட்ட 16 வயது இளைஞர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். வழியில் கீழூரில் தம் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் பெற்றிருந்தார். அதிற் பயணச் செலவு போக எஞ்சிய பொருளையும் அய்யன்குளத்தில் எறிந்துவிட்டார். அவரே பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றியவர். "அவரைப்போல் நாமும் கையிலுள்ளதை எறிந்துவிட இயலுமா? எமக்கு மனைவி மக்கள் இல்லையா?" என்று கேட்பார் உளர். நேரிய கேள்வியே. மகரிஷி எறிந்தது தமக்கே உரிய பொருள். பசித்திருக்க நேர்ந்தால் பசித்திருந்தவரும் அவரே. இல்லறத்தான் கையிலுள்ள பொருளோ அவனுக்கு மட்டும் உரியதன்று. அதில் மனைவிக்கும் மக்களுக்கும் முதியோர்க்கும் பங்குண்டு. பிறர் பங்கை எறிதல் துறவாகாது. 1916 இல் அன்னையார் அழகம்மாள் மகரிஷியோடு வந்து தங்கிய பின் ஸ்கந்தாசிரமத்திலும் அடுப்பு மூட்டப்பட்டது, சமையல் நடந்தது. ஆதலின் துறவி குளத்தில் எறிந்தது காசு. இல்லறத்தார் எறியவேண்டுவது கவலை. இருவரும் எறிந்தபின் எஞ்சி நிற்பது ஒன்றே. அஃது அச்சமற்ற நெஞ்சம்.

இல்லறத்தார்க்கும் ஊரார்க்கும் பொருந்தும் வழியை வடலூரில் காண்கின்றோம். 1867 ஆம் ஆண்டு மே 23 ஆம் நாள் இராமலிங்க வள்ளலார் அங்குச் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையா அடுப்பாக இன்றும் எரிகின்றது. பசித்து வந்தார்க்கு இன்றும் சோறு கிடைக்கின்றது. ஒருநாள் சாலையில் அரிசி தீர்ந்துவிட்டதென்றும், அன்பர்கள் கலங்கி நிற்க, வள்ளலார் அமைதியாயிருக்குமாறு பணித்தார் என்றும், பின் வண்டிகளில் அரிசி வந்து சேர்ந்தது என்றும் அன்பர் கூறுவர். இதில் நாம் கருதத்தக்கது வண்டி வந்தது மட்டுமன்று. அரிசியை அனுப்பிய மனிதர் ஒருவர் எங்கோ இருந்தார் அன்றோ? அடுப்பை மூட்டியவர் ஒருவர். அரிசி அனுப்பியவர் ஒருவர். சாலைக்கு நிலம் ஈந்தவர் ஊரார். இறைவன் கை பெரும்பாலும் மனிதர் கையாகவே வருகின்றது.

2020 இல் நம் தெருக்களிலும் இதுவே நிகழ்ந்தது. நியாயவிலைக் கடையில் விலையின்றி அரிசி வந்தது. அவ்வாண்டு ஏப்பிரலில் அரிசி அட்டை வைத்திருந்தோர்க்கு அரசு 1,000 ரூபாய் வழங்கியது. அவை மட்டுமா? கீரை பறித்தவர் அடுத்த வீட்டிற்கும் ஒரு பிடி தந்தார். ஆடு மாடு வைத்திருந்தவர் பிள்ளையுள்ள வீட்டிற்குப் பால் தந்தார். கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொண்டு பருப்புத் தந்தார். அன்று ஒருவேளை உண்டும் ஒருவேளை குறைத்தும் நாட்களைக் கடந்தோம்; ஆயினும் கடந்தோம். "எப்படிக் கடந்தோம்?" என்று இன்று எண்ணிப் பார்த்தால் கணக்கு நேராக வருவதில்லை. வரவைக் கூட்டினால் செலவிற்குப் போதாது. போதாத அவ்விடத்தை நிரப்பியது எதுவோ, அதனையே நம் முன்னோர் திருவருள் என்றனர்.

நெசவே வழிபாடாக வாழ்ந்த ஒருவரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். அறுபத்துமூவருள் நேச நாயனார் காம்பீலி என்னும் ஊரிற் பிறந்தவர், நெசவுத் தொழிலினர். மனத்தால் இறைவன் திருவடியை நினைத்தார். வாக்கால் ஐந்தெழுத்தை ஓதினார். கையால் அடியார்க்குக் கீளும் கோவணமும் நெய்து அளித்தார். அவர் தறியை விட்டுக் காட்டிற்குப் போகவில்லை. தறியின் முன்னிருந்தே வீடு பெற்றார். நெய்யும்போது நம் கால் மிதிக்கின்றது. கை நாடாவைத் தள்ளுகின்றது. மனம் மட்டும் ஓய்வாக இருக்கின்றது. ஓய்வாக இருக்கும் அம்மனத்தில் கடன்காரனைக் குடிவைப்பதும் கடவுளைக் குடிவைப்பதும் நம் விருப்பமே. இரண்டிற்கும் கூலி ஒன்றே. இரவில் வரும் உறக்கம் வேறு.

திருவள்ளுவனாரும் மயிலையில் நெசவுத் தொழில் செய்தார் என்பது செவிவழி மரபு. அவர் அதிகாரங்களை வைத்த முறையை நோக்குக. 62 ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. 63 ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. முயற்சியை முன்வைத்துத் துன்பத்திற்குக் கலங்காமையைப் பின்வைத்தார். முயன்றவனே கலங்காதிருக்க உரிமையுடையான் என்பது அவ்வைப்பு முறையால் நாம் கொள்ளத்தக்க பொருளாம்.

நம் தறியே இவ்வுண்மையைக் கற்பிக்கின்றது. பாவு முழுதும் ஒரே முறையில் நம் கண்முன் நிற்பதில்லை. மூன்று நான்கு சேலைக்குரிய நீளம் அதற்குண்டு. நம் முன் விரிந்திருப்பதோ ஒரு முழம். நெய்தது படைமரத்திற் சுருண்டுவிட்டது. நெய்யவேண்டியது அப்பால் இருக்கின்றது. அப்பாலிருக்கும் பாவில் எங்கே இழை அறுமோ என்று எண்ணி முன்னிருக்கும் ஒரு முழத்தைக் கைவிடும் நெசவாளன் உண்டோ? இழை அறும்போது பிணைக்கின்றோம். அறாத இழையை யாரும் பிணைப்பதில்லை. கவலையாவது அறாத இழையைப் பிணைக்க முற்படுதல். பாவு நமக்குத் தரப்படுகின்றது; ஊடு நாம் இடுவது. தரப்பட்டதும் இட்டதும் சேர்ந்தே சேலையாகும்.

இனி, கவலையால் வரும் கேடுகளுள் இரண்டைக் குறிப்பாக எடுத்துரைப்பேம். ஒன்று, கடன். நாளை இல்லாமற் போகுமோ என்னும் அச்சத்தால் இன்று கந்துவட்டிக்கு வாங்குகின்றோம். அதனால் நாளை உறுதியாகவே இல்லாமற் போகின்றது. மிகைவட்டியைத் தடுக்க 2003 ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் சட்டம் வந்துள்ளது. ஆயினும் அச்சமுற்றவன் சட்டத்தை நாடாது வட்டிக்காரன் வாயிலையே நாடுகின்றான். கடன் சூழ்ந்த நிலையில் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்த நெசவாளர் நம் நாட்டில் உண்டு. அத்தகைய நெருக்கடியில் இருப்பார் எவராயினும் வாய்திறந்து நம்மவரிடம் கூறுக. துன்பத்தைச் சொல்லுதல் இழிவன்று. கேட்டும் கேளாதிருத்தலே இழிவு.

மற்றொன்று, பள்ளி ஆசிரியராகிய யாம் கண்கூடாகக் காண்பது. 6 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயமென்று 2009 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அச்சட்டத்தின் எல்லை முடிந்த மறு ஆண்டே சில பிள்ளைகளின் பெயர் வருகைப் பதிவேட்டில் வெறுமையாகின்றது. பத்தாம் வகுப்பில் நன்றாகப் படித்த மாணவன் பதினொன்றில் இல்லை. வினவினால், "நாளைக்கு என்ன ஆகுமோ ஐயா! இப்போதே நாலு காசு வரட்டும்" என்று தந்தையார் கூறுகின்றார். பெண்மக்கள் நிலையும் இதுவே. அத்தந்தையரை யாம் பழிக்கவில்லை. அவர்தம் நெருக்கடியை அறிவோம். ஆயினும் ஒன்று கூறுதல் எம் கடமை. எதிர்காலத்தை எண்ணி அஞ்சி எதிர்காலத்தையே விற்றுவிடுகின்றோம். அப்பிள்ளை தறியில் அமர்ந்தாலும் அமரட்டும், அது கற்றபின் விரும்பி அமர்வதாகுக, அச்சத்தால் அமர்த்தப்படுவதாகாதொழிக. இரண்டு ஆண்டிற்கு இறைவனை நம்பிப் பிள்ளையைப் பள்ளியில் விடுதலும் வழிபாடே.

ஆதலின் நம் சங்கத்தார் செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறி முடிப்பேம்.

ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே ஒரு கலயத்தில் இடுக. மாதமுடிவில் தெருவாரியாக அதனைத் திரட்டித் தறி நின்ற வீட்டிற்கும் நோயுற்ற வீட்டிற்கும் பெயர் வெளியிடாது கொடுக்க ஏற்பாடு செய்க. இதுவே நம் ஊர்ப் படிக்காசு. ஒரு பிடி குறைந்ததால் எவ்வீட்டிலும் பசி வாராது. அப்பிடி சேர்ந்தால் ஒரு வீட்டின் பசி தீரும்.

கூட்டுறவுச் சங்கத்திற் சேர்ந்துள்ள நெசவாளர் அங்குள்ள சேமிப்பு ஏற்பாட்டைத் தவறாது பயன்படுத்துக. முதலாளியிடம் நெய்வோரும் சேலைக்கு ஒரு சிறு தொகையை அஞ்சலகத்தில் இடுக. இது நம்பிக்கைக் குறைவாகாது. தார் சுற்றி வைப்பது போன்றதே. கந்துவட்டி வாங்குமுன் ஒருமுறையேனும் சங்கப் பெரியோரிடம் வந்து கூறுக. பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்குப் புத்தகச் செலவும் பயணச் செலவும் தர இயன்றோர் முன்வருக.

மாலையில் விளக்கேற்றும்போது, இன்று வந்த நன்மைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். கவலை வாராதவற்றை எண்ணும். நன்றி வந்தவற்றை எண்ணும். இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே வேளையில் இருத்தல் அரிது.

முருகப்பெருமான் படையாக நின்ற வீரவாகு முதலியோரை முன்னோராகக் கொண்டாடும் மரபினர் நாம். வேலேந்திய கை அஞ்சவில்லை. நாடா ஏந்திய கையும் அஞ்சவேண்டுவதில்லை. இன்றைக்குரிய முழத்தை இன்று நெய்வோம். நாளைக்குரிய காசை நாளைக் காலை பீடத்திற் காண்போம். அதற்குள் அடுத்த வீட்டு அடுப்பு எரிகின்றதா என்று ஒருமுறை பார்த்து வருவோம்.

 எல்லாம் வல்ல இறைவன் திருவருள் நம் இல்லங்களிலும் தறிகளிலும் நிலவுவதாக!

வாழ்க நம் குலம்! வளர்க நம் தொழில்!